சோர்ந்த மனமும் நடக்கும் கால்களும்

(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி மேடையில் கோயில் வரலாற்றைப் பேசாமல், உடற்பயிற்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே சாமியார் என்று சிலர் நினைக்கலாம். கோயிலைக் கட்டியவர்களைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். அந்தக் கோயிலின் கடைசி வரிசையில் முகம் வாடி அமர்ந்திருப்பவர்களைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் பணியாற்றியபோது, மனைவியை இழந்த பெரியவர் ஒருவர் வந்தார். "சாமி, ராத்திரி தூக்கமில்லை, காலையில் எழுந்திருக்க மனமில்லை" என்றார். "செபமாலையை விடாமல் சொல்லுங்கள், எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் செபிக்காதவர் அல்லர். நமது பதிலால், தமக்கு விசுவாசம் குறைந்துவிட்டதோ என்ற கவலையும் அவருக்குச் சேர்ந்துகொண்டது. அது நாம் செய்த தவறு.

எலியா இறைவாக்கினரை நாம் அன்று மறந்துவிட்டோம். சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, சாவே மேல் என்று மன்றாடியவர் அவர். வானதூதர் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. தூங்க விட்டார்; உணவு கொடுத்தார்; எழுந்து பயணத்தைத் தொடரச் செய்தார். மனச்சோர்வு பாவமும் அன்று. விசுவாசக் குறைவும் அன்று. உடலைக் கவனிப்பது மனத்துக்கும் மருந்தாகிறது.

நாங்கள் குருமடத்தில் படித்த நாள்களில், மாலை மணி அடித்ததும் எல்லாரும் மைதானத்தில் நிற்க வேண்டும். பந்தாடத் தெரியாதவன் தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்க வேண்டும். இதெல்லாம் உடலுக்காக மட்டுமே என்று நினைத்திருந்தோம். வீட்டு நினைவில் அழுத சிறுவர்கள் அந்த ஒரு மணி நேரம் சிரித்து விளையாடியதன் பொருள் பிறகுதான் விளங்கியது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 1999-ஆம் ஆண்டில் வெளியானது. மனச்சோர்வு நோயுள்ள, 50 வயதுக்கு மேற்பட்ட 156 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து. ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி. மற்றொரு பிரிவுக்கு இரண்டும். மருந்து சற்று விரைவில் பலன் தந்தது. ஆனால் 16 வாரங்கள் முடிந்தபோது மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தார்கள். உடற்பயிற்சியால் குணமடைந்தவர்களுக்கு அடுத்த ஆறு மாதங்களில் நோய் திரும்பியதும் குறைவாகவே இருந்தது.

காரணம் என்ன? உடல் அசையும்போது மூளைக்கு இரத்த ஓட்டம் கூடுகிறது. மன இறுக்கம் தளர்கிறது. இரவில் நல்ல தூக்கம் வருகிறது. ஒரே கவலையைச் சுற்றிச் சுற்றி வரும் மனத்துக்குச் சற்று ஓய்வும் கிடைக்கிறது.

"நாள் முழுதும் வீட்டில் குனிந்து நிமிர்கிறோமே, அது போதாதா சாமி?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். அந்த உழைப்பு பெரிது. ஆனால் கடமைக்காகச் செய்யும் வேலையைவிட, ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சியே மனநலத்துக்கு அதிகம் துணை செய்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே வீட்டிலுள்ள ஆண்கள் அரை மணி நேரம் அடுப்படியைப் பார்த்துக்கொண்டு, அவர்களை நடக்க அனுப்புங்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான பயிற்சி வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. நாளுக்கு அரை மணியாக ஐந்து நாள் வேகமாக நடந்தால் போதும். அதுவும் முடியாதவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நம் பேச்சைக் கேட்டு யாரும் நிறுத்திவிடாதீர்கள். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

மகிழ்ச்சியாயிரு என்று மனத்துக்குக் கட்டளையிட முடியாது. கால்களை நடக்கச் சொல்லலாம். சோர்ந்தவருக்கோ அதுகூடத் தனியே முடியாது. ஆகையால் அவருக்கு அறிவுரை சொல்வதோடு நின்றுவிடாமல், அவர் வீட்டு வாசலில் போய் நின்று, "வாங்க, சற்று நடந்துவிட்டு வருவோம்" என்று அழையுங்கள்.

அந்தப் பெரியவர் இன்று நம்மிடம் வந்தால், அவரோடு செபிப்போம். பிறகு நாமும் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு நடப்போம்.