நம் வீட்டுப் பெரியவர்கள் பயமில்லாமல் இருக்கிறார்களா?



ஆண்டு விழாவில் மூத்தவர்களைப் பற்றிப் பேசும்படி போதகர் ஐயா கேட்டார். நாம் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அது நல்லது. ஆனால் அவர்களில் சிலர் சொந்த வீட்டிலேயே படும் துன்பத்தைப் பற்றி நாம் கதைப்பதில்லை. ஒரு தாதியாக இன்று அதைத்தான் சொல்ல வந்தேன்.

2021இல் வெளிவந்த அவுஸ்திரேலியத் தேசிய ஆய்வின்படி, 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவர் ஒரே ஆண்டுக்குள் ஏதோ ஒரு துன்புறுத்தலை அனுபவித்திருந்தார். அதிகம் நடப்பது அடியல்ல. ஏசுவதும் மிரட்டுவதும் அவமதிப்பதும்தான். கவனியாமல் விடுவது, காசைப் பறிப்பது, அடிப்பது ஆகியவையும் உண்டு. செய்பவர்கள் பெரும்பாலும் அந்நியர்கள் அல்லர். பெற்ற பிள்ளைகளே பலர்.

நம்மவர்களுக்கு இங்கே தனியான சிக்கல்களும் உண்டு. முதியோர் பென்ஷன் பெறப் பொதுவாக 10 ஆண்டுகள் இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். அதுவரை பஸ் காசுக்கும் மகனிடம் கை நீட்ட வேண்டும். ஊர்க் காணியை விற்ற பணத்தை மகனின் வீட்டுக்குக் கொடுத்திருப்பார்கள். உறுதியில் அவர்கள் பெயர் இராது. ஆங்கிலம் தெரியாது, கார் ஓட்டத் தெரியாது. அதற்கும் மேலாக, "வெளியில் சொன்னால் பிள்ளைக்கு வெட்கம்" என்ற எண்ணம் வாயைக் கட்டிவிடும்.

எதைக் கவனிக்கலாம்? மெலிந்து போவது, மருந்து ஒழுங்காகக் கிடைக்காமல் போவது, உடைந்த கண்ணாடி மாதக்கணக்கில் மாற்றப்படாமல் இருப்பது, மேற்கையில் விரல் பதிந்தது போன்ற கண்டல், கேட்ட கேள்விக்கெல்லாம் மகளோ மருமகனோ முந்திப் பதில் சொல்வது, திடீரென்று ஆராதனைக்கு வராமல் விடுவது. ஒன்றைக் கண்டவுடன் முடிவு கட்டாதீர்கள். வயதானவர்களின் தோல் மெல்லியது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்குச் சிறிது பட்டாலும் கண்டிவிடும். பல அடையாளங்கள் சேர்ந்து வரும்போது கேட்டுப் பாருங்கள்.

தனியே இருக்கும்போது கேளுங்கள். "அம்மா, வீட்டில் உங்களுக்கு ஏதும் பயம் இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வி போதும். சொன்னால் நம்புங்கள். "பிள்ளைதானே, பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லாதீர்கள். துன்புறுத்துகிறவரிடம் போய்ச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். நீங்கள் போன பிறகு அடி அவருக்குத்தான் விழும். என்ன செய்ய விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். தெளிவான புத்தியுள்ளவரின் தீர்மானம் அவருடையது.

உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 000. ஆலோசனைக்கு 1800 353 374, அழைப்பு இலவசம். தமிழில் கதைக்க 131 450இல் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வைத்தியரிடமும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். அங்கே மகனையோ மகளையோ மொழிபெயர்க்க விடவேண்டாம். பெரியவர்களே, காசு கொடுக்குமுன், கையெழுத்து வைக்குமுன், பிள்ளைகளின் சட்டத்தரணி அல்லாத வேறொருவரிடம் விசாரியுங்கள்.

பராமரிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இரவு வேலை, வீட்டுக் கடன், மறதி நோயுள்ள தாய் என்று எல்லாம் சேர்ந்தால் எவருக்கும் பொறுமை கெடும். கை ஓங்கும் நிலை வருமுன் 1800 422 737ஐ அழையுங்கள். அது பராமரிப்போருக்கான அரச உதவி.

சின்னப் பிள்ளைகளே, நீங்கள் வீட்டில் எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள். அம்மம்மாவை யாராவது அழ வைத்தால், அப்பப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்காவிட்டால், அது மறைக்க வேண்டிய இரகசியம் அல்ல. ஞாயிறு பாடசாலை ஆசிரியரிடமோ பள்ளிக்கூட ஆசிரியரிடமோ சொல்லுங்கள். சொல்வது கோள் சொல்வதாகாது.

பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தார் என்று மாற்கு 7ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆலயத்துக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் தாயைப் பட்டினி போடுவதை அவர் ஏற்கவில்லை.

கடந்த மாதங்களில் நம் ஆராதனைக்கு வராமல் போன மூத்தவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள். கர்த்தர் நம் வீடுகளை ஆசீர்வதிப்பாராக.