'ஃபேர்' என்றால் சிவப்பா?

பரிசு வாங்கப் பிள்ளைகள் காத்திருக்கும்போது நீண்ட பேச்சு ஆகாது. 'ஃபேர்' என்ற ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு, ஐந்தாம் ஆண்டு வகுப்பில் 'திஸ் இஸ் நாட் ஃபேர்' என்று பலகையில் எழுதி, தமிழில் சொல்லச் சொன்னேன். ஒரு பையன் சட்டென்று எழுந்து, "இது சிவப்பு இல்லே சார்!" என்றான். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நல்ல கறுப்பு. தலையைக் குனிந்துகொண்டாள். பையன்மேல் குற்றமில்லை. "பொண்ணு நல்ல ஃபேரு" என்று வீட்டில் நாம்தானே பேசுகிறோம்?

'இது நியாயமில்லை' என்பதே அந்த வாக்கியத்தின் பொருள். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு 'அழகியது, பார்க்க இனியது' என்று பொருள். வெளுத்த மேனியே அழகு என்று அந்நாட்டார் எண்ணியதால் நிறம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. நேர்மை என்ற பொருளும் பின்னால் கிளைத்ததுதான். மழையில்லாத நல்ல வானிலைக்கும் இதே சொல். பெற்றோர்களே, மதிப்பெண் அட்டையில் 'ஃபேர்' என்றிருந்தால் மகிழ்ந்துபோய் மிட்டாய் வாங்கிவிடாதீர்கள். அங்கே அதற்குச் 'சுமார்' என்று அர்த்தம்! பஸ் கட்டணமான 'ஃபேர்' ஓசையில் ஒன்று, எழுத்தில் வேறு. ஃபன்ஃபேரில் வருவதோ லத்தீன் வழி வந்த வேறு சொல்.

மலாய்மொழியில் இந்தக் குழப்பமே இல்லை. நியாயத்துக்கு 'அடில்', நிறத்துக்கு 'செரா', சுமாருக்கு 'செடர்ஹானா'. நம் தமிழில் 'செம்மை' என்ற சொல்லுக்குச் சிவப்பும் பொருள், நேர்மையும் பொருள். ஆனால் செங்கோல் என்றால் சிவப்புக் கோல் அல்ல, வளையாத கோல். வள்ளுவர் 'செங்கோன்மை' என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதில் அரசனின் நிறத்தையா பாடினார்?

இந்தியாவில் 1975-இல் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' முகப்பூச்சை அறியாத வீடு குறைவு. 2020-இல் அதன் நிறுவனத்தாரே 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாற்றினார்கள். டியூப்பில் மாறிவிட்டது. நம் வாயில்தான் இன்னும் மாறவில்லை. வரன் பேசும்போது பாருங்கள், தெரியும்.

அந்தச் சிறுமியைச் சொன்னேன் அல்லவா? மறுவாரம் பந்து விளையாட்டில் அவளை விட்டுவிட்டு ஆள் பிரித்தார்கள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "திஸ் இஸ் நாட் ஃபேர்!" என்று திடலே கேட்கக் கத்தினாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சேர்த்துக்கொண்டார்கள்.