கறவை முடியும் வரைக்கும்



வாத நோயாளிகளின் அனுபவத்தைப் பற்றிய பண்புசார் ஆய்வுகளுக்கென்றே கோயமுத்தூரில் இன்று ஒரு முழு நாளை ஒதுக்கியிருக்கிறோம். தலைமையுரை என்றால் துறையின் வரலாற்றிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் ஒரு கேஸ் ஷீட்டிலிருந்து தொடங்குகிறேன். அது நான் எழுதியது.

பல வருஷங்களுக்கு முன்னால், பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. எங்கள் துறையில் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: காலையில் எழுந்ததும் கை விறைப்பாக இருக்கிறதா, எவ்வளவு நேரம் இருக்கிறது? அவர் சொன்னார்: "கறவை முடியற வரைக்கும் வெரலு மடங்காதுங்க டாக்டரம்மா." எனக்கு வேண்டியிருந்தது நிமிஷக் கணக்கு. மறுபடியும் கேட்டேன். "பால் வண்டி போனதுக்கப்பறம் கொஞ்சம் எளகுமுங்க" என்றார். சரி, ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று எழுதிக்கொண்டேன். முடக்குவாதத்தை இனங்காண அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் 1987-ல் வகுத்த அளவுகோலில், குறைந்தது ஒரு மணி நேரக் காலை விறைப்பு என்பது ஓர் அம்சம். என் கட்டம் நிரம்பிவிட்டது.

நான்கைந்து முறை அவர் வந்துபோன பிறகு, வேறு ஏதோ பேச்சின் நடுவில்தான் கேட்கத் தோன்றியது: விரல் மடங்காதவர் வீட்டில் மாட்டைக் கறப்பது யார்? ஏழாவது படித்துக்கொண்டிருந்த மகள். கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு ஓடினாலும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ் போயிருக்கும். அந்த வருஷம் அவள் பள்ளியை விட்டுவிட்டாள்.

இதை அந்த அம்மா முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். "கறவை முடியற வரைக்கும்" என்ற மூன்று சொற்களுக்குள் மாடு இருந்தது, பால் காசு இருந்தது, விடியும் முன்பே எழுந்து நிற்கும் குழந்தையும் இருந்தாள். நான் அதிலிருந்து ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கொட்டிவிட்டேன். 2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் சேர்ந்து அளவுகோலைத் திருத்தியபோது காலை விறைப்பை அதிலிருந்து எடுத்தே விட்டார்கள். நான் எடுத்து வைத்துக்கொண்ட அந்த ஒரு மணி நேரத்துக்கும் இன்று அட்டவணையில் இடமில்லை.

பண்புசார் ஆய்வு என்றால் எண்ணிக்கை தெரியாதவர்கள் செய்வது என்று ஒரு பேச்சு மருத்துவக் கல்லூரிகளில் இன்னும் இருக்கிறது. எத்தனை பேர் என்று கேட்பதற்கு வேறு ஆய்வுகள் உண்டு. 1993-ல் வெளிவந்த ஆய்வுக்காக வாதநோய் மருத்துவர் மாளவியாவும் உடனாய்வாளர்களும் தில்லியை அடுத்த கிராமங்களில் வீடு வீடாகப் போய், பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு முடக்குவாதம் என்று கண்டார்கள். அந்த எண் இல்லாமல் அரசிடம் பேச முடியாது. ஆனால் அந்த 0.75 சதவீதத்துக்குள் இருக்கும் ஒருவருடைய காலைப்பொழுது எப்படி விடிகிறது என்பது வேறு கேள்வி. அதற்கு உட்கார்ந்து கேட்பதைத் தவிர வழியில்லை.

அப்படிக் கேட்டவர்களில் முன்னோடி, இங்கிலாந்துச் சமூகவியலாளர் மைக்கேல் பரி. 1982-ல் வந்த அவருடைய கட்டுரைக்கு ஆதாரம் முடக்குவாதம் வந்த 30 பேரின் பேச்சு. பெரும்பாலோர் பெண்கள். நீடித்த நோய் என்பது உடம்பில் வரும் கோளாறாக மட்டும் நிற்பதில்லை, ஒருவர் தன் வாழ்க்கை இப்படிப் போகும் என்று போட்டு வைத்திருந்த கணக்கையே அறுத்துவிடுகிறது என்று அவர் எழுதினார். இரண்டு வருஷம் கழித்து வந்த கட்டுரைக்காகச் சமூகவியலாளர் கரெத் வில்லியம்ஸ், "உங்களுக்கு ஏன் இது வந்தது?" என்று நோயாளிகளிடமே கேட்டார். ஒருவர் வேலைத்தளத்தைச் சொன்னார், ஒருவர் குடும்பத்தில் பட்ட மனக்கஷ்டத்தைச் சொன்னார், ஒருவர் கடவுளின் சித்தம் என்றார். நம் ஊரிலும் கேட்டுப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு சீக்கிரமே தண்ணியில் கை வைத்ததால் வந்தது என்று ஓர் அம்மா முப்பது வருஷமாகத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் குற்ற உணர்ச்சி எந்த ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது.

இப்படிக் கேட்பதால் மருத்துவம் மாறுமா? மாறியிருக்கிறது. வாதநோய் மருந்துச் சோதனைகளில் எதை அளப்பது என்று முடிவெடுக்க ஒமெராக்ட் என்ற பன்னாட்டுக் கூட்டம் 1992 முதல் நடக்கிறது. வீங்கிய மூட்டு எத்தனை, வலிக்கும் மூட்டு எத்தனை, ரத்தத்தில் அழற்சி எவ்வளவு என்று நிபுணர்களே பட்டியல் போட்டார்கள். 2002-ல் ஆஸ்திரேலியாவில் கூடியபோது முதல்முறையாக நோயாளிகளையும் மேசையில் உட்கார வைத்தார்கள். அவர்கள் கேட்டது: அசதியை ஏன் நீங்கள் அளப்பதே இல்லை? நிபுணர்களின் முதன்மைப் பட்டியலில் அது இல்லை. 2005-ல் வெளிவந்த ஆய்வுக்காகச் சாரா ஹியூலெட்டும் உடனாய்வாளர்களும் 15 நோயாளிகளிடம் விரிவாகப் பேசினார்கள். இது வேலை செய்து களைத்த களைப்பு இல்லை, தூங்கினால் போகிற களைப்பும் இல்லை என்றார்கள் நோயாளிகள். மருத்துவரிடம் சொல்வதே இல்லை, சொன்னாலும் அவர் கண்டுகொள்வதில்லை என்றார்கள். மறு வருஷம் மால்டாவில் கூடிய ஒமெராக்ட், முடக்குவாத ஆய்வுகளில் முடிந்தவரை அசதியையும் அளக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது. பதினைந்து பேரின் பேச்சு அந்த முடிவுக்குத் துணை நின்றது.

நம் பக்கத்துக்கு வருவோம். "அசதியாங்க?" என்று கேட்டால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இல்லை என்பார்கள். விட்டுப் பிடித்தால் ஒருவர் சொல்வார்: "எம்பட ஒடம்பே எனக்கு ஊரான் ஒடம்பாட்ட இருக்குதுங்க." இன்னொருவர் சொல்வார்: "பொழுதோட ஆனா, அடிச்சுப் போட்டாப்ல ஆயிருதுங்க." வலிக்கும் அப்படித்தான். நோவு வேறு, உளைச்சல் வேறு, குடைச்சல் வேறு, கடுப்பு வேறு. பேசுகிறவர் இந்தச் சொற்களைப் பிசகாமல் பிரித்துத்தான் சொல்கிறார். நோய்க்கும் ஒரே பெயர் இல்லை. மருத்துவர் முடக்குவாதம் என்பார், வீட்டில் சரவாங்கி என்பார்கள், சித்த மருத்துவர் வளி அழல் கீல்வாயு என்பார். முடக்குவாதம் என்று கேட்டதுமே, கை கால் முடங்கிப் படுக்கையில் விழப்போகிறோம் என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரை எந்த நேரத்தில், எப்படிச் சொல்வது என்பதே ஓர் ஆய்வுக்குப் போதுமான விஷயம்.

ஆனால் நம் ஆய்வேடுகளில் நடப்பது என்ன? நேர்காணல் தமிழில் நடக்கிறது. ஒலிப்பதிவை எழுதி எடுக்கும்போதே ஆங்கிலமாக்கிவிடுகிறார்கள். நோவு, உளைச்சல், குடைச்சல், கடுப்பு எல்லாம் ஒரே ஆங்கிலச் சொல்லாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு குறியிட்டு, கருப்பொருள் பிரித்து என்ன பயன்? தானியத்தைத் தூற்றிவிட்டுப் பதரை அளப்பது போலத்தான். இன்று கட்டுரை படிக்க வந்திருக்கும் இளைய ஆய்வாளர்களிடம் நான் கண்டிப்பாகவே கேட்டுக்கொள்கிறேன்: பேசிய பேச்சை, பேசிய வழக்கிலேயே எழுதி எடுங்கள். முதல் சுற்றுக் குறியிடலைத் தமிழிலேயே செய்யுங்கள். ஆங்கிலம் கடைசியில் வரட்டும்.

கேள்வித்தாள்களிலும் இதே சிக்கல் உண்டு. நோயாளி அன்றாடம் எதைச் செய்ய முடிகிறது, எது முடியவில்லை என்று அளக்க 1980-ல் ஸ்டான்போர்டில் ஜேம்ஸ் ஃபிரைஸ் குழுவினர் ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். உலகம் முழுக்கப் பயன்படுகிற நல்ல கருவி. அதில் இறைச்சியை வெட்ட முடிகிறதா, புதிய பால் அட்டைப்பெட்டியைத் திறக்க முடிகிறதா, தொட்டியில் குளிக்க முடிகிறதா என்றெல்லாம் கேள்விகள். 2002-ல் மாளவியா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதன் இந்திய வடிவத்தைச் சரிபார்த்து வெளியிட்டார்கள். குத்துக்காலிட்டு அல்லது சம்மணமிட்டு உட்காருவது, ஆட்டோவில் ஏறி இறங்குவது, காய்கறிச் சந்தைக்குப் போவது எல்லாம் அதில் இடம்பெற்றன. பெரிய காரியம். ஆனாலும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிற பெண்ணிடம், ஒன்றரை ஷிப்டு முடிக்க விரல் ஒத்துழைக்கிறதா என்று கேட்கிற கேள்வி அதிலும் இல்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு நோயின் கடுமை சனிக்கிழமை சம்பளத்தில் தெரிந்துவிடும். சோமனூர்த் தறிக்காரருக்கு அறுந்த இழையை முடிபோடுவதில் தெரியும். வால்பாறையில் தேயிலை பறிப்பவருக்குக் கூடையின் எடையில் தெரியும். வீட்டுப் பெண்களிடம் கேட்டால் ஈரத்துணி பிழிவதையும் குக்கர் மூடியையும் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவதையும் சொல்வார்கள். ஆட்டுக்கல்லில் மாவாட்டிய கைகளுக்கு ஓய்வு கொடுத்த வெட் கிரைண்டர் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தது. ஆனால் அதன் கல்லைத் தூக்க முடியாத கைகளும் இந்த ஊரில்தான் இருக்கின்றன.

கோயமுத்தூருக்கு இந்த நோயின் ஆய்வு வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1943-ல் பி. வி. ராமவாரியர் தொடங்கிய ஆரிய வைத்திய பார்மசியின் ஆய்வு அமைப்பும், அமெரிக்காவின் வாதநோய் மருத்துவர் டேனியல் ஃபர்ஸ்ட் முதலானோரும் சேர்ந்து இங்கே நடத்திய சோதனையின் முடிவு 2011-ல் வெளிவந்தது. முடக்குவாத நோயாளிகள் 43 பேர், 36 வாரம். ஒரு பிரிவினருக்கு நவீன மருந்தான மெத்தோட்ரெக்சேட், ஒரு பிரிவினருக்கு ஆயுர்வேதம், மூன்றாவது பிரிவினருக்கு இரண்டும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. ஆளுக்கேற்ப மருந்தை மாற்றிக்கொடுக்கும் ஆயுர்வேதத்தை இப்படி இருபுறமும் மறைத்து ஆராய முடியும் என்று காட்டியதே அதன் சாதனை. மூன்று பிரிவுகளுக்கும் இடையே புள்ளியியல்படி வேறுபாடு தெரியவில்லை. சிறிய முன்னோடி ஆய்வு, அதை வைத்து எந்தப் பக்கமும் வெற்றி கொண்டாட முடியாது.

என் ஆர்வம் வேறு. இந்த நகரத்தில் ஒரே நோயாளி காலையில் வாதநோய் மருத்துவரிடமும் மாலையில் வைத்தியசாலைக்கும் போகிறார். வீட்டில் முடக்கத்தான் தோசையும் உண்டு. எதையும் நம்மிடம் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால், "நீங்க வைவீங்கன்னுதானுங்க" என்கிறார். நாம் வைததுண்டு. நானும் வைதிருக்கிறேன். அதனால் நாம் இழப்பது பெரிது. பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், அவர் வாய் திறந்து சொன்னால்தான் நமக்குத் தெரியும். ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் நடுவில் நோயாளி எப்படி வழி கண்டுபிடித்துப் போகிறார் என்பதை ஆராய இந்தியாவில் கோயமுத்தூரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

மெத்தோட்ரெக்சேட் பற்றி ஒரு வார்த்தை. அதன் முன்னோடி மருந்துகள் உருவான ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகடா சுப்பாராவ். புற்றுநோய்க்கு வந்த மருந்து, சிறிய அளவில் வாரம் ஒருமுறை கொடுத்தபோது முடக்குவாதத்தின் போக்கையே மாற்றியது. வாரம் ஒருமுறை என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே உலை. நாம் சீட்டில் எழுதுகிறோம், வாயாலும் சொல்கிறோம். நோயாளியின் காதில் அது எப்படி விழுகிறது? வாரம் என்று நாம் சொன்னதைக் கிழமையோடு முடிந்து வைத்துக்கொள்கிறவர்கள் தப்பிவிடுகிறார்கள். "ஞாயித்துக்கெழமை மாத்திரை" என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார் ஒருவர். அதை அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். இன்னொருவர் மூன்று மாதம் நிறுத்திவிட்டார். காரணம், மருந்துக்கடையில் இது கேன்சர் மாத்திரை என்று சொன்னார்களாம். அவர் பயந்தது தனக்காக இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேன்சர் வீடு என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்றுதான்.

கேட்டும் எழுதாமல் விட்டதும் உண்டு. 2006-ல் சிக்குன்குனியா வந்தபோது நாட்டில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்த நோய் இருக்கலாம் என்று பதிவானது. காய்ச்சல் போன பின்னும் மாதக்கணக்கில் மூட்டுப் பிடிப்போடு சுவரைப் பிடித்து நடந்தவர்கள் வரிசையாக வந்தார்கள். எத்தனையோ சொன்னார்கள். நான் மாத்திரை எழுதினேன், சொன்னவற்றில் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. அது இன்றும் என் மனதை அறுக்கிறது.

ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில. ஓ.பி. அறையில் நேர்காணல் வேண்டாம், அங்கே யாரும் மருத்துவரைக் குறை சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குப் போங்கள். போனால் மாமியாரோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிவிடுவார்கள். அவர்களிடமும் தனியே பேசுங்கள், ஏனென்றால் பார்த்துக்கொள்கிறவர்களின் சுமையும் நம் பொருள்தான். ஒருவருடைய அரைநாள் வேலை கெட்டால் அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் தொடங்கியதிலிருந்து சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது, பிசியோதெரபியும் வருகிறது. வீட்டுக்குள் போய்ப் பழகிய அந்தத் தன்னார்வலப் பெண்களைக் கேட்டால், எந்த வீட்டில் யாருடைய கை மடங்கவில்லை என்று சொல்வார்கள்.

இந்தக் கருத்தரங்கை முதலில் காலை 9 மணிக்குத் தொடங்குவதாக இருந்தோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நோயாளிகளிடம் கேட்டபோது, அந்த நேரத்துக்குள் சீலை கட்டிப் பஸ் ஏறி வர முடியாது என்றார்கள். அதனால்தான் 11 மணி. மைக்கைக் கையில் பிடிக்க வேண்டாம், தாங்கியில் மாட்டியிருக்கிறது. நாற்காலிக்குக் கைப்பிடி போட்டிருக்கிறோம், மேடைக்குப் படியில்லாமல் சாய்தளம் வைத்திருக்கிறோம். முதல் அமர்வில் கட்டுரை கிடையாது. அவர்கள் பேசுவார்கள், நாம் எழுதிக்கொள்வோம். அம்மா, நீங்கள் வாருங்கள்.