'ஒன்லி' என்னும் சொல்

இரணைமடுவின் அணைக்கட்டருகே வாழும் கமக்காரர் ஒருவர், மாலை வேளையில் வீட்டிலிருந்து புறப்படுகையில், "குளத்தடி மட்டும் போட்டு வாறன்" என்று மனைவியிடம் சொல்லிச் செல்வது வழக்கம். குளம் வரை போய்த் திரும்புவேன் என்பதே அதன் பொருள். தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தினர் அதனைக் கேட்டால், வேறெங்கும் செல்லாது குளத்தடிக்கே செல்கின்றார் என்று கருதக்கூடும். இருவரும் தமிழரே, சொல்லும் ஒன்றே. எனினும் ஒருவருக்கு அது எல்லையைச் சுட்டுகிறது. மற்றவருக்கு ஏனையவற்றை விலக்குகிறது.

'மட்டு' என்பதன் பொருள் அளவு, எல்லை என்பதாகும். குளத்தின் நீர்மட்டம் என்கையிலும் அதன் உறவுச் சொல்லே வழங்குகின்றது. எல்லை குறித்த சொல், எல்லைக்கு அப்பால் உள்ளதை நீக்கும் பொருளையும் பெற்றது இயல்பே. ஆங்கிலத்தின் 'ஒன்லி' என்னும் வினையடைக்குப் பள்ளிக்கூடத்திலே நாம் கற்கும் நேர்ச்சொல்லும் இந்த 'மட்டும்' என்பதுதான். ஆனால் ஆங்கிலச் சொல் வேறு வழியாக வந்தது. 'ஒன்று' என்னும் பொருளுடைய பழஞ்சொல்லோடு, 'போன்ற' என்னும் பொருளுடைய விகுதி சேர்ந்து அது உருவாயிற்று. தமிழர் எல்லையை அளந்து விலக்கினர். ஆங்கிலேயர் ஒன்றை எண்ணி விலக்கினர் எனலாம்.

ஆங்கிலப் பேச்சில் 'ஒன்லி' பெரும்பாலும் வினைச்சொல்லுக்கு முன்னே நின்றுவிடும். அது எச்சொல்லைக் கட்டுப்படுத்துகிறது என்பதைக் குரலின் அழுத்தமே காட்டும். காகிதத்திலோ குரல் இல்லை. தமிழில் 'மட்டும்' தான் கட்டுப்படுத்தும் சொல்லின் பின்னே ஒட்டி நிற்கும். 'இடதுகரை வயல்களுக்கு மட்டும் திங்கட்கிழமை நீர் விடப்படும்' என்றால் வலதுகரைக்கு அன்று நீர் இல்லை. 'இடதுகரை வயல்களுக்குத் திங்கட்கிழமை மட்டும் நீர் விடப்படும்' என்றால் செவ்வாய்க்கிழமை அவ்வயல்களுக்கும் நீர் இல்லை. ஆகவே ஆங்கில அறிவித்தலைத் தமிழாக்குபவர், 'ஒன்லி' எந்தச் சொல்லைப் பற்றுகிறது என்று முதலில் தெளிய வேண்டும்.

கனகராயன் ஆற்றை மறித்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்ட இக்குளத்தின் கீழ், இத்தெளிவு பெரிதும் வேண்டப்படுவது. கிளிநொச்சியில் 1930களில் குடியேற்றம் தொடங்கிய காலந்தொட்டு, அங்குள்ள வாழ்வு இந்நீரை நம்பியே அமைந்தது. மாரி மழையால் காலபோகம் விளையும். சிறுபோகமோ குளத்தில் எஞ்சிய நீரைப் பொறுத்தது. எத்தனை ஏக்கர், எந்த நாள் வரை என்பதைப் போகத்தின் தொடக்கக் கூட்டத்திலே அதிகாரிகளும் கமக்காரரும் கூடி முடிவு செய்வர். 'ஆடி மட்டும் நீர் விடப்படும்' என்று ஓர் அறிவித்தல் வெளிவருவதாகக் கொள்ளலாம். வன்னிக் கமக்காரர் ஆடி முடியும்வரை நீர் உண்டு என்று நம்பி விதைப்பார். எழுதியவரோ ஆடி மாதத்தில் மாத்திரம் என்று கருதியிருக்கலாம். பொருள் பிழைத்தால் பயிர் கருகும். 'வரை' என்றும் 'மாத்திரம்' என்றும் பிரித்து எழுதினால் இம்மயக்கம் நேராது.

இதற்கு மறுபுறமும் உண்டு. "அவர் அங்கே ஒன்லி இருக்கிறார்" என்னும் வாய்பாட்டில் நம்மவர் ஆங்கிலம் பேசுவதைக் கேட்டு ஆங்கிலேயர் நகைப்பர். அது வெறும் பிழை அன்று. தொல்காப்பியம் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள்களைக் கூறும். 'அங்கே மாத்திரம்' என்று ஏனைய இடங்களைப் பிரிப்பது பிரிநிலை. 'அங்கேதான், ஐயமில்லை' என்று உறுதி கூறுவது தேற்றம். ஆங்கிலச் சொல் பிரிநிலையையே சிறப்பாக உணர்த்தும். நம்மவர் அதன்மேல் தேற்றத்தையும் ஏற்றிவிடுகின்றனர்.

இச்சிறு சொல் நாட்டின் வரலாற்றிலும் இடம்பெற்றது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் ஆங்கிலத்தில் 'சிங்களா ஒன்லி' என்னும் பெயராலேயே வழங்கலாயிற்று. சட்டத்தின் வாசகமோ, சிங்களம் இலங்கையின் 'ஒரே' அரசகரும மொழி என்னும் பொருள்பட 'ஒன்' என்ற சொல்லையே ஆண்டது. மக்கள் வழக்கில் அச்சொல்லின் வழிவந்த வினையடையே நிலைத்தது. தமிழர் அதற்குத் 'தனிச் சிங்களச் சட்டம்' என்று பெயரிட்டனர். 'மட்டும்' என்னாது 'தனி' என்றதில், தாம் புறத்தே நிறுத்தப்பட்டோம் என்னும் உணர்ச்சி தெளிவாகப் பதிந்துள்ளது. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம், தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று விதித்தது. அங்கே ஆங்கிலத்தில் நிற்பது 'ஓல்சோ' என்னும் மற்றொரு வினையடை. தமிழிலே அது ஓர் எச்சவும்மை. பிரிநிலை விலக்கியதை உம்மை தழுவிக்கொள்ள முப்பத்தோர் ஆண்டுகள் சென்றன. சட்டத்தில் உள்ள அந்த உம்மை, அலுவலகப் படிவத்திலும் அறிவித்தற் பலகையிலும் பிழையின்றி விளங்குதல் இன்றும் வேண்டப்படுகின்றது.

'இரணை' என்றால் இரட்டை. இரணைமடு என்னும் பெயர் இரட்டை மடுக்களைக் குறிப்பது. குளத்து நீர் இருகரை வாய்க்கால்களிலும் பாய்கின்றது. ஒரு கரைக்கு மாத்திரமா, இரு கரைக்குமா என்பதை உணர்த்த ஓரிரு எழுத்துகள் போதும். அவற்றை எழுதுபவர், வரம்பிலே நின்று அதனை வாசிக்கும் கமக்காரரை ஒருகணம் நினைத்துக்கொண்டு எழுதுவாராக.