எண்பது சதவீதம் போதாது
(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





இன்று உதவித்தொகை பெறும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு விஷயத்தை மனம் விட்டுப் பேச வேண்டும். "எண்பது சதவீதம் வருகை இருந்தால் போதும், மீதி இருபது நம்ம லீவுதானே" என்று பலர் நினைக்கிறோம். அது தவறு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி எண்பது சதவீதம் என்பது பரீட்சை எழுதுவதற்கு. பட்டமோ டிப்ளமோவோ கையில் கிடைக்க, மருத்துவமனைப் பயிற்சியை நூறு சதவீதம் முடித்திருக்க வேண்டும். உதாரணமாக, 200 மணி நேரப் பயிற்சியில் 160 மணி நேரம் வந்த பிள்ளை பரீட்சை எழுதலாம். ஆனால் விட்டுப்போன 40 மணி நேரத்தைப் பிறகு வார்டில் நின்று ஈடுசெய்தே ஆக வேண்டும்.

இது தெரியாமல் நானே ஒரு தவறு செய்தேன். நம் உதவியில் படித்த பிள்ளை ஒருத்தி. ராத்தாவின் நிக்காஹ், ஊரில் கந்தூரி, சவூதியிலிருந்து வாப்பா விடுமுறையில் வந்தது என்று ஒவ்வொரு முறையும் போஸ்டிங் நடுவே வீட்டுக்கு அழைத்தார்கள். ஒரு லீவு கடிதத்துக்குச் சிபாரிசுக் கையெழுத்துப் போட்டது நான்தான். பரீட்சையில் நன்றாகத் தேறினாள். கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போனபோது, இவள் மட்டும் விட்டுப்போன டூட்டியை முடித்துக்கொண்டிருந்தாள். டிப்ளமோ இல்லாமல் நர்சிங் கவுன்சிலில் பதிவு இல்லை. பதிவு இல்லாமல் வேலை இல்லை. வந்த வேலை கைநழுவிப் போனது. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? பிரசவ அறையை நினைத்துப் பாருங்கள். வலி முற்றியதும் அரை மணிக்கு ஒரு முறை குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்து எழுத வேண்டும். பிரசவமானபின் முதல் இரண்டு மணி நேரம் தாயின் இரத்தப்போக்கைக் கவனித்தபடி இருக்க வேண்டும். இதைப் புத்தகம் மட்டும் சொல்லித்தராது. கையும் கண்ணும் பழக வேண்டும். பிரசவ வலி பகல் பார்த்து வருவதில்லை. ராமேஸ்வரத்திலிருந்து பாம்பன் பாலம் கடந்து, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு நள்ளிரவில் வந்து சேரும் கர்ப்பிணி நம் மகளாகவும் இருக்கலாம். அங்கே நிற்கும் நர்ஸ் இரவு டூட்டி பழகாதவராக இருந்தால் சம்மதிப்போமா?

இரவு டூட்டி என்றதும் உம்மாமார்களுக்கு வரும் பயம் நியாயமானது. அதற்காகப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். கல்லூரி வாகனம் உண்டா, விடுதிக்கு யார் கூட்டிச் செல்வார், டூட்டி முடிந்தபின் ஓய்வு உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். கூட வர ஆள் இல்லாதவர்கள் என்னிடம் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

பிள்ளைகளே, உடம்பு சரியில்லையென்றால் டூட்டி தொடங்குமுன்பே பொறுப்பாசிரியருக்குச் சொல்லுங்கள். தோழிக்காக வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். அது பொய் சாட்சி. தொழுகைக்குப் போகும்போது நோயாளியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். நோன்பு நேரத்தில் ஷிப்ட் மாற்றம் வேண்டுமானால் முன்கூட்டியே வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள்.

அகழ்ப் போரில் காயம்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்துக் கவனித்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி. இந்தப் பணி நமக்குப் புதிதல்ல.

பெற்றோர்களே, நிக்காஹுக்குத் தேதி குறிக்குமுன் பிள்ளையின் போஸ்டிங் அட்டவணையை ஒரு முறை கேளுங்கள். இனி லீவு கடிதத்துக்கு என் கையெழுத்து எளிதில் கிடைக்காது.