செவியே கண்ணாக
(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் வௌவாலைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். நம் ஊர்ப்புறங்களில் அதற்கு நற்பெயர் இல்லை. வீட்டினுள் நுழைந்தால் கேடு என்பர். கண் தெரியாத பிராணி என்பர். இவ்விரண்டும் உண்மையல்ல. இருளில் அது வழி காணும் முறையையும், அம்முறையை மனிதன் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆனதன் காரணத்தையும் இன்று காண்போம்.

முதலில் எதிரொலியை அறிந்துகொள்வோம். சீதாமலைக்கும் பாலமலைக்கும் இடையே 1934-ஆம் ஆண்டு அணை எழக் கண்ட மேட்டூரில், இதற்குத் தனி ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. உயர்ந்த சுவர் ஒன்றின் எதிரே தள்ளி நின்று கை தட்டினால் போதும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. தட்டிய ஒலியும் திரும்பிய ஒலியும் நம் செவிக்குத் தனித்தனியே கேட்க, நொடியில் பத்தில் ஒரு பங்கேனும் இடைவெளி வேண்டும். ஆகவே சுவர் 17 மீட்டருக்குக் குறையாத தொலைவில் இருத்தல் வேண்டும். ஒலி திரும்பிவரும் நேரம் தெரிந்தால் தொலைவைக் கணக்கிடலாம். படகிலிருந்து நீருக்குள் ஒலியைச் செலுத்தி, நீர்த்தேக்கங்களின் ஆழத்தை அளக்கும் கருவி செய்வதும் இக்கணக்கையே.

பூச்சி உண்ணும் வௌவால் இதே கணக்கைப் பறந்துகொண்டே செய்கிறது. 1.7 மீட்டர் தொலைவிலுள்ள பூச்சியின்மேல் பட்ட ஒலி, நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பிவிடும். அந்நேரத்தைக் கொண்டு தொலைவையும், இரு செவிகளையும் எதிரொலி அடையும் வேறுபாட்டைக் கொண்டு திசையையும் அது அறிகிறது. இரையை நெருங்க நெருங்கக் குரலை விரைவுபடுத்தி, பிடிக்கும் தறுவாயில் நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட முறை ஒலி எழுப்புகிறது. ஆயினும் நமக்கு ஒன்றும் கேட்பதில்லை. நம் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். வௌவாலின் இவ்வொலிகளோ பெரும்பாலும் அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டவை.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஆலமரங்களில் கூட்டமாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்கள் இம்முறையைக் கையாளுவதில்லை. அவை கண்ணாலும் மோப்பத்தாலுமே வழி அறிகின்றன. பூச்சி உண்ணும் சிறு வௌவால்களுக்கும் கண் உண்டு, பார்வையும் உண்டு. எந்த வௌவாலும் பிறவிக் குருடன்று.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு நம் மாணவர் கருதத்தக்கது. 1793-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி, பார்வையை இழந்த வௌவால்களும் இடையூறின்றிப் பறப்பதைக் கண்டார். மறு ஆண்டில் ஜெனீவாவைச் சேர்ந்த ஜூரின், வௌவால்களின் செவிகளை அடைத்துப் பார்த்தார். அவை தடுமாறித் தடைகளில் மோதின. செவியே வழிகாட்டுகிறது என்பது தெளிவாயிற்று. ஆனால், ஓசையே எழுப்பாத விலங்கு எதைக் கேட்டு வழி அறியும் என்று கற்றோர் நகைத்தனர். பிரெஞ்சு அறிஞர் குவியே தொடு உணர்வே காரணம் என்றார். உலகம் அதை நம்பியது.

1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், கிரிஃபின் என்னும் இளம் மாணவர், பேராசிரியர் பியர்ஸ் அமைத்த மீயொலிக் கருவியின் முன் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தார். ஓசையற்றவை எனப்பட்டவற்றின் குரலைக் கருவி காட்டிக்கொடுத்தது. இடையில் கழிந்தவை 145 ஆண்டுகள்! குரல் என்றும் இருந்தது. கேட்போரின் செவிக்குத்தான் எல்லை இருந்தது. தமக்குக் கேட்கவில்லை என்பதால், குரலே இல்லை என்று பெரிய அறிஞர்களும் தீர்ப்புக் கூறிவிட்டனர். இதன் பொருளை இவ்வவைக்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

இத்தகைய ஆய்வு அயல்நாட்டார்க்கே உரியது என எண்ண வேண்டா. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வௌவால் ஆய்வில் உலகப் புகழ் பெற்றது. அங்குப் பணியாற்றிய மாரிமுத்துவும் ஜெர்மானிய அறிஞர் நாய்வைலரும் பெருஞ்செவியுடைய ஒருவகை வௌவாலை ஆராய்ந்து, 1987-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அது அசையாத தவளைகளை விட்டுவிட்டு, அசைந்து ஓசை எழுப்பியவற்றையே தாக்கியது. தன் குரலின் எதிரொலியை மட்டுமன்றி, இரையின் ஓசையையும் அது பயன்படுத்துகிறது என்பது இதனால் விளங்கிற்று.

வானில் வௌவால் செய்வதை நீரில் ஓங்கில் செய்கிறது. நம் கடற்கரை மீனவர் ஓங்கில் என்றழைக்கும் டால்பினுக்கு, நெற்றியிலுள்ள கொழுப்புத் திரட்சி ஒலியைக் குவித்து முன்னே செலுத்துகிறது. திரும்பிவரும் ஒலியைக் கீழ்த்தாடை வாங்கி உட்செவிக்கு அனுப்புகிறது. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்வதால், கணக்கும் அதற்கேற்ப விரைவானது. கங்கையாற்று டால்பினின் கண்ணில் ஒளியைக் குவிக்கும் வில்லை இல்லை. வெளிச்சத்தையும் இருளையும் மட்டுமே அது பிரித்தறியும். எனினும் கலங்கல் நீரில் ஒலியைக் கொண்டே மீன் பிடித்து வாழ்கிறது. 2009-ஆம் ஆண்டில் அது நம் நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது.

நிறைவாக, பெற்றோர்க்கு இரு வேண்டுகோள். வீட்டினுள் வௌவால் புகுந்தால் அடித்துக் கொல்ல வேண்டா. கையாலும் தொட வேண்டா. கதவையும் சன்னலையும் திறந்து, விளக்கை அணைத்துவிட்டால் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். பயிரை அழிக்கும் பூச்சிகளைத் தின்னும் உழவர் நண்பன் அது. இரண்டாவது, நம் பிள்ளைகள், சிறப்பாகப் பெண் பிள்ளைகள், அறிவியல் பாடம் எடுக்க விரும்பினால், "நமக்கு அது எட்டாது" என்று தடுக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே! ஒலி எழுப்பும் வௌவாலுக்கே எதிரொலி வரும். வகுப்பில் அஞ்சாது வினா எழுப்புங்கள். விடை கூறுவது ஆசிரியராகிய எம் கடமை. விடை தெரியாவிடில், உங்களோடு அமர்ந்து தேடுவதும் எம் கடமையே.