எங்க பிசகுது, அக்கா?

தேவ் தத் என்று ஒரு பொறியாளர். எல்லைச் சாலைகள் அமைப்பில் வேலை. 1993-94ஆம் ஆண்டுக்கான ரகசியக் குறிப்பேட்டில் மேலதிகாரி அவருக்குப் போட்டது ‘நன்று’. பதவி உயர்வுக்கோ ‘மிக நன்று’ வேண்டும். அப்படி ஒரு குறிப்பு இருப்பதையே அவரிடம் யாரும் சொல்லவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நல்லதோ கெட்டதோ, எழுதியதை ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2008இல் தீர்ப்பு வந்தது. எத்தனையோ பேருக்குப் பலன் தந்த தீர்ப்பு.

ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒற்றைச் சொல்லால் நாளைய வேலை திருந்துமா? வேலை திருந்த உதவும் கருத்தை நாமேதான் கேட்டுப் பெற வேண்டும்.

ஓர் அரசு மருத்துவமனை. புதிதாகச் சேர்ந்த செவிலியர் ஒருவர் மூத்தவரிடம், “நான் எப்படிக்கா வேலை பார்க்கிறேன்?” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். “நல்லாத்தாம்மா பாக்குற” என்பதுதான் பதில். முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கு மனசு வரும்?

அதையே ஊசி போட்டு முடித்த கையோடு, தனியாக, “அந்தத் தாத்தாவுக்கு ரெண்டு தடவை குத்த வேண்டியதாப் போச்சு. எங்க பிசகுது, அக்கா?” என்று கேட்கட்டும். “தோலைக் கீழ்ப்பக்கமா இழுத்துப் பிடிக்கல. வயசானவங்களுக்கு நரம்பு நழுவும்மா” என்று பதில் வரும்.

அப்போது, “வெளிச்சம் பத்தலக்கா” என்று சமாதானம் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அடுத்த முறை அக்கா வாயே திறக்க மாட்டார். கேட்டுக்கொண்டு, அடுத்த ஊசியின்போது அவரையே பக்கத்தில் நிற்கச் சொல்லலாம்.